பொங்கலன்று பானை வாங்கியவர்

உங்களுக்கு ஹெட்செட் தந்திருப்பார்கள். இரண்டு திரை தந்திருப்பார்கள். ஒரு அழைப்பை எவ்வளவு நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்றும் சொல்லியிருப்பார்கள். அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. வாகனக் காப்புறுதி கிளெய்ம் பகுதியில் இருபது வருசத்துக்கு மேல் இருந்துவிட்டுப் போன வருசம்தான் அந்த ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன். இன்னமும் வீட்டில் போன் அடித்தால், "உங்களுக்குக் காயம் ஏதும் இருக்கிறதா?" என்றுதான் வாயில் வருகிறது. சிட்னியில், லிட்கமில் என் பக்கத்து பிளாட்காரி ஒருநாள் கறிவேப்பிலை கேட்க எடுத்தவள், பயந்து நேரே கதவைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

புதிதாகச் சேர்ந்தவர்களில் மூன்று தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோசம். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசித்தால் குறை ஒன்றும் வராது.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்தவர் மோல்ட்டா நாட்டுக் குடும்பத்துப் பெண்மணி. குரல் கரகரவென்று இருக்கும், கையில் எப்போதும் ஆறிப்போன கோப்பி. என்னுடைய முதல் கிழமையில் ஒருவர் அழைத்தார், மூச்சு வாங்க, அழுகிற நிலையில். நான் பயிற்சியில் சொல்லித்தந்தபடி பெயர் என்ன, நம்பர் பிளேட் என்ன, எந்தச் சந்தி என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனேன். அந்தப் பெண்மணி எட்டி என் குரலை நிறுத்துகிற பொத்தானை அமத்திவிட்டு, "அந்த மனுசனை நிற்கவைத்தே விசாரிக்கிறாய். முதலில் ஒரு கதிரை போடு" என்றார். போனில் எப்படிக் கதிரை போட்டு ஒருவரை உட்காரவைப்பது என்று விழித்தேன். அவரே ஹெட்செட்டை வாங்கிச் செய்து காட்டினார். கேள்வி கேட்பதற்கு முன், அந்த மனிதருக்கு இப்போது தெரியவேண்டிய ஒன்றைச் சொன்னார். உங்களுக்கு என்ன கிடைக்கும், அடுத்து என்ன நடக்கும், எதற்குப் பயப்படவேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை. அவ்வளவுதான். அந்த மனிதரின் மூச்சு அடங்கியது எனக்கே கேட்டது.

இது வெறும் மரியாதை என்று நான் பல வருசம் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல பழக்கம், செய்வோம், ஆனால் இதில் பெரிதாக என்ன இருக்கிறது என்று. அதன் பெறுமதியை எனக்குக் காட்டித்தந்தவர் தயாபரன் என்ற ஒருவர். அவருடைய கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன் ஒரு விசயம் தெரிந்திருக்கவேண்டும். மெல்பேர்னில் கார் வைத்திருப்பவருக்கு ஒரே பில் வரும். வாகனப் பதிவும், விபத்தில் காயப்படுகிறவர்களுக்கான காப்புறுதியும் அதற்குள்ளேயே அடக்கம். கட்டினால் முடிந்தது. சிட்னியில் அப்படி இல்லை. இங்கே நீங்களே ஒரு கம்பனியைத் தேர்ந்து முதலில் கிரீன் ஸ்லிப் என்ற காயக் காப்புறுதியை எடுக்கவேண்டும். அது இருந்தால்தான் ரெஜோ, அதாவது வாகனப் பதிவு. கிரீன் ஸ்லிப் மனிதருக்கு மட்டும். உங்கள் கார் நசுங்கினால் ஒரு சதம் தராது, அதற்கு வேறு காப்புறுதி எடுக்கவேண்டும். பதிவு இல்லாமல் ஓடினால் ஒரு தண்டம், காப்புறுதி இல்லாமல் ஓடினால் இன்னொரு தண்டம். ஒரே கார், ஒரே ஓட்டம், இரண்டு தண்டம். முன்பெல்லாம் கண்ணாடியில் ரெஜோ லேபல் ஒட்டியிருக்கும், காலாவதியானால் அயலட்டைச் சனமாவது சொல்லும். இப்போது லேபலும் இல்லை. பொலிஸ் காரில் இருக்கிற கமராவுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று தைப்பொங்கல். இந்த நாட்டில் யாருக்கு லீவு? நான் வேலையில் இருந்தேன். மேசையில் தயிர் டப்பாவில் பொங்கல் இருந்தது. நான் மன்னார்க் கத்தோலிக்கப் பெண், பொங்குவதில்லை; ஆனால் பொங்கல் தின்பதற்கு எந்தச் சமயத் தடையும் இல்லை. பக்கத்து பிளாட்காரி விடியற்காலையிலேயே பல்கனியில் பொங்க வெளிக்கிட்டு, புகை உள்ளே போய் அலாரம் அலறி, முழுக் கட்டிடத்தையும் எழுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தாள். திட்டினவர்கள் எல்லாருக்கும் ஒரு டப்பா. எனக்கு இரண்டு.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன், தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று கேட்ட ஓர் அழைப்பை எனக்குத் திருப்பினார்கள்.

"அக்கா, தமிழிலை கதைக்கலாமோ?"

"ஓம் தம்பி, கதையுங்கோ."

"எனக்கு ஒரு அக்சிடென்ற் நடந்திட்டுது. முதல் ஒண்டு கேக்கவேணும். இதாலை ஃபமிலி வீசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமோ?"

எத்தனையோ ஆயிரம் அழைப்பு எடுத்திருக்கிறேன். வீசாவைப் பற்றி முதலாவதாகக் கேட்டவர் இவர்தான். கேட்டதும் மற்றதெல்லாம் தானாக வந்தது. பெயர் தயாபரன், வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிற வேலை. படகில் வந்தவர். வருசக்கணக்காகத் தற்காலிக வீசா, அண்மையில்தான் நிரந்தரம் கிடைத்தது. மனைவியும் மகளும் கிளிநொச்சியில். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருக்கிறார்.

"மகள் தவழேக்கை வெளிக்கிட்டனான் அக்கா. இப்ப என்னைவிட நல்லா இங்கிலிஷ் கதைக்கிறாள், போனிலை."

"வீசா கேள்விக்கு நான் பதில் சொல்லக்கூடாது தம்பி, அதுக்கு வக்கீல்மார் இருக்கினம். அக்சிடென்றைச் சொல்லுங்கோ. ஆருக்கும் காயமோ?"

சைக்கிளில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிற ஒரு நேபாளி மாணவன். பெயர் பிகாஷ். இவர் கார் திருப்பும்போது தட்டி விழுந்திருக்கிறான். எழும்பி, ஒன்றுமில்லை என்று போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். இப்போது மணிக்கட்டு வீங்கி, விரலை மடக்கமுடியவில்லை. டொக்டரிடம் போகவில்லை, செலவுக்குப் பயம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துதான் அழைக்கிறார்கள்.

"எப்ப நடந்தது?"

"இண்டைக்கு. காலமை பத்து மணிபோலை. கடைக்குப் போட்டு வரேக்கை. பானை, கரும்பு எல்லாம் பின் சீற்றிலை. பிரேக் அடிச்ச உடனை பானை உருண்டு விழுந்து உடைஞ்சுபோச்சு."

திரையைப் பார்த்தேன். அவருடைய கிரீன் ஸ்லிப் அன்றைக்குத்தான் தொடங்கியிருந்தது. காப்புறுதி தொடங்கிய அன்றே விபத்து என்றால் நாங்கள் ஒருமுறை நிமிர்ந்து உட்காருவோம். ஆனால் அப்படி நடப்பதும் உண்டு, அதை வைத்து ஒருவரையும் கள்ளன் என்று சொல்லமுடியாது. என்னை உறுத்தியது அதுவல்ல. பானை.

பொங்கலன்று காலை பத்து மணிக்கு எந்தத் தமிழன் பானை வாங்குவான்? அந்த நேரம் பொங்கிப் படைத்து, தின்று, பானையும் கழுவிக் கவிழ்த்தாகிவிடும். பானையும் கரும்பும் வாங்குவது முதல்நாள் பின்னேரம். அப்போது வென்ற்வேர்த்வில் கடைத்தெருவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. நேபாளிப் பையனின் குரலும் பின்னால் கேட்டது: "டுடே, பிரதர். சே டுடே."

அவர்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். இடித்தவரும் இடிபட்டவரும் சேர்ந்து ஒரே பொய்.

எனக்கு இடப்பக்கம் லெபனான்காரத் தம்பி, வலப்பக்கம் சீனப் பெண். அவர்களுக்குப் பானை என்றால் பானைதான். அந்தத் தளத்தில் இந்தப் பொய் தெரிந்த ஒரே ஆள் நான். அதுவும் இன்சூரன்ஸ் படித்ததால் தெரிந்ததல்ல, மேசையில் இருந்த பொங்கலால் தெரிந்தது.

விட்டுவிடலாம் என்றுதான் மனம் முதலில் சொன்னது. நேற்றுக் காப்புறுதி இல்லை, இன்று இருக்கிறது; ஒரு நாள்தானே வித்தியாசம். பையனுக்குக் கை சுகமாகும், தகப்பனுக்கு மகள் வந்து சேருவாள், கம்பனி ஒன்றும் இதால் கவிழ்ந்துவிடாது. உங்களுக்கும் இந்த மனம் வரும் பிள்ளைகள். எங்கள் ஆட்களின் குரலைக் கேட்டதும் வரும். வந்ததற்காக வெட்கப்படவேண்டாம். ஆனால் அடுத்த கேள்வியையும் உடனே கேட்டுப் பாருங்கள்: இந்தப் பொய் எத்தனை நாள் நிற்கும்? அந்தப் பையனுக்குச் சாப்பாட்டு ஓடர் தருகிற போன் அப், அவன் எந்த நாள் எந்தத் தெருவில் பாதியில் நின்றான் என்பதைச் சொல்லிவிடும். கிளெய்ம் போய் ஒரு மாதத்தில் யாராவது அதைக் கேட்பார்கள். அப்போது தண்டத்தோடு போகவேண்டியது மோசடி வழக்காகும். பையனுடைய வைத்தியமும் நடுவில் நிற்கும். கிளிநொச்சியில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற இரண்டு பேருக்கும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அது தெரியாததுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

மற்றப் பக்கம், "பொய் சொல்லாதீர்கள்" என்று நான் நேரே சொன்னால் என்ன நடக்கும்? பயந்தவன் பொய்யை இன்னும் இறுக்கிப் பிடிப்பான். "இல்லை அக்கா, இண்டைக்குத்தான்" என்று சத்தியம் பண்ணுவான். எங்கள் இடத்து வழக்கப்படி, நாங்கள் எழுதியதை வாசித்துக் காட்டி அவர் "ஓம், அதுதான்" என்று சொன்னால் அது அவருடைய வாக்குமூலம். வாசிப்பதற்கு இன்னும் நேரம் இருந்தது. திரையின் மூலையில் அழைப்பு நேரம் சிவப்பாக மாறத் தொடங்கியிருந்தது. எனக்கு அந்தக் கரகரத்த குரல் ஞாபகம் வந்தது. கதிரை போடு.

"தம்பி, நான் எழுதினதை வாசிச்சுக் காட்ட முதல் உங்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணும். எல்லாருக்கும் சொல்லுறதுதான். இடிச்ச காருக்குக் காப்புறுதி இல்லாட்டிலும் இடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்கும். வேலைக்குப் போகேலாத நாளுக்கும் உதவி கிடைக்கும். அதுக்கெண்டு அரசாங்கத்திலை ஒரு நிதி இருக்கு."

மிச்சத்தையும் சொன்னேன்.

"கார்க்காரருக்குத் தண்டம் வரும். நிதி செலவழிச்ச காசை அவரிட்டைத் திருப்பிக் கேக்கவும் கேக்கும். கஷ்டம்தான், இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனால் தவணையிலை கட்டலாம், கட்டினால் அது அதோடை முடியும். நாளை மாத்திச் சொன்னால் அது வேறை கதை. அது தண்டத்தோடை முடியாது."

"அக்கா... கார் எப்பிடி இருந்தாலும் பெடியனுக்குக் கிடைக்குமோ? நிச்சயமாவோ?"

"விண்ணப்பிச்சால் கிடைக்கும். நிச்சயமா."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த மனிதர் தன்னைக் காப்பாற்ற மட்டும் பொய் சொல்லவில்லை. காப்புறுதி இல்லையென்றால் அந்தப் பையன் வீங்கின கையோடு தெருவில் நிற்கவேண்டி வரும் என்று நினைத்திருக்கிறார். பையனும் அதையே நினைத்திருக்கிறான். கதிரையில் இருத்திய பிறகுதான் நான் கேள்வியைக் கேட்டேன், அதையும் பகிடியாகத்தான் கேட்டேன்.

"பொங்கலண்டு பத்து மணிக்குப் பானை வாங்கின சனத்தை நான் மன்னாரிலையும் காணேல்லை, சிட்னியிலையும் காணேல்லை தம்பி. உங்கடை வீட்டிலை எத்தினை மணிக்குப் பொங்கிறனீங்கள்?"

நீண்ட அமைதி. என்ன செய்தாலும் இந்த இடத்தில் வாயைத் திறக்காதீர்கள், பிள்ளைகள். அந்த அமைதி அவருக்குச் சொந்தம். அவர் இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். விருந்தாளி வந்தார்கள், பானை போதவில்லை என்றிருக்கலாம். நான் எழுதிக்கொண்டிருப்பேன். பின்னால் பையன் மறுபடியும் "டுடே" என்றான்.

"ஸ்டொப், பிகாஷ். இட்ஸ் ஓகே. யூ வில் கெற் இற்." பிறகு என்னிடம், "நேற்று அக்கா. நேற்றுப் பின்னேரம்."

பிறகு எல்லாம் கொட்டியது. மெல்பேர்னில், கிரான்பர்னில் இருந்த காலத்தில் ஒரு பில் வரும், கட்டுவார், யோசிக்கவே தேவையில்லை. வேலைக்காக சிட்னிக்கு வந்து, ஆஸ்பத்திரித் தாதி ஒருவரிடம் பழைய கார் வாங்கினார். பெயரும் மாற்றியாயிற்று. ரெஜோ முடிந்தபோது கார்த்திகை மாதம். புதிதாகக் கம்பனி தேடி, புதிதாகக் கிரீன் ஸ்லிப் எடுக்கவேண்டும். இவர் மாறி மாறி ஷிப்டில் நின்று நாளைக் கடத்த, மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் புதுக் காரியம் தொடங்கலாமோ? ஊரில் இருந்து தாயார் போனில் சொல்லிவிட்டார், தை பிறக்கட்டும் என்று. இவரும் பஞ்சாங்கம் பார்த்து, பொங்கலன்று தொடங்குகிற மாதிரிப் பணத்தைக் கட்டி வைத்தார். மாதம் முழுக்க பஸ்ஸில் போனார். காரைத் தொடவில்லை. முதல்நாள் பின்னேரம், கடைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன நண்பன் வரவில்லை. கடை பூட்டப்போகிறது. இரண்டு தெருதானே என்று சாவியை எடுத்தார். ஒரு மாதம் பொறுத்தவருக்கு ஒரு பின்னேரம் பொறுக்கமுடியவில்லை.

"தாலி கட்டுறதுக்கு நாள் பாருங்கோ, வீடு குடிபூருறதுக்குப் பாருங்கோ. கிரீன் ஸ்லிப்புக்கு ஆரும் பாப்பினமோ தம்பி?" என்றேன். அழுதுகொண்டே சிரித்தார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வாசித்துக் காட்டினேன். விபத்து நேற்று நடந்தது, அப்போது காருக்குப் பதிவும் இல்லை, காப்புறுதியும் இல்லை.

"ஓம் அக்கா. அதுதான் உண்மை."

பொலிஸுக்கு அன்றைக்கே போய்ச் சொல்லும்படியும், இலவசமாக ஆலோசனை சொல்கிற வக்கீல்மார் இருக்கிறார்கள், அவர்களிடம் போகும்படியும் சொன்னேன். போனை வைத்ததும் எழும்பி நேரே என் பகுதித் தலைவரிடம் போனேன். நல்ல பொடியன், என் மகனின் வயது. அழைப்பின் பதிவைப் போட்டு நான் இங்கிலிஷில் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "இவர் முதலில் பொய் சொல்லியிருக்கிறாரே" என்றான்.

"ஓம். பிறகு உண்மையும் சொல்லியிருக்கிறார். இரண்டையும் நீயே கேட்டாய். எது கடைசியாகச் சொன்னது, எதற்கு 'அதுதான்' என்று சொன்னார்?"

கொஞ்சநேரம் பேனையைத் தட்டிக்கொண்டிருந்தான். "நடந்தது நடந்தபடி எழுதுங்கள்" என்றான். எழுதினேன். அந்தப் பொடியனுக்கும் நான் கடமைப்பட்டவள்.

பிகாஷின் மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு. நிதி வைத்தியம் பார்த்தது. தயாபரனுக்கு இரண்டு தண்டமும் வந்தது, நிதியும் காசைத் திருப்பிக் கேட்டது. அவர் மேலதிக ஷிப்ட் எடுத்துத் தவணை தவணையாகக் கட்டினார். இடையில் சில தடவை ஏதாவது விளக்கம் கேட்டு எனக்கு அழைப்பார். ஒருதரமும் புலம்பவில்லை. வீசா என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்பது முறையில்லை. மனதில் மட்டும் வைத்திருந்தேன், மருதமடு மாதாவிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தப் பொங்கலன்று பின்னேரமே என் பழைய மேலதிகாரிக்குப் போன் எடுத்தேன். ஓய்வெடுத்துப் பல வருசம், குரல் இன்னும் கரகரப்பு. பெயரில்லாமல் கதையைச் சொல்லி, "நீங்கள் சொல்லித்தந்த கதிரை" என்று நன்றி சொன்னேன். அவர் சிரித்தார். "நான் போடத்தான் சொல்லித்தந்தேன். அதில் உட்கார்ந்தது அந்த மனுசன். பாதி நன்றியை அவனுக்குக் கொடு" என்றார். நான் அந்தப் பாதியைக் கொடுக்க இரண்டு வருசம் ஆயிற்று.

இந்த வருசம், பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம். பக்கத்து பிளாட்காரிக்குக் கரும்பு வாங்கப்போய், வென்ற்வேர்த்வில்லில் இருந்து திரும்ப ரெயில் ஏறினேன். எனக்குப் பின் சீற்றில் ஒரு குரல்: "கவனமாப் பிடி பிள்ளை, உருண்டால் போச்சு."

அவருடைய முகத்தை நான் கண்டதே இல்லை. ஆனால் எங்கள் தொழிலில் முகம் எதற்கு? திரும்பிப் பார்த்தேன். ஒரு மனிதர், பக்கத்தில் சேலை கட்டிய பெண், எதிரே ஒரு பெண்பிள்ளை, அவள் மடியில் புதுப் பானை.

"இந்த முறை முதல்நாளே வாங்கிட்டீங்களோ தம்பி?" என்றேன்.

அவருக்கும் என் முகம் தெரியாது. ஒரு கணம் விழித்தார். பிறகு எழும்பி நின்றுவிட்டார், ஓடுகிற ரெயிலில். "அக்கா!" என்றார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கதை தெரிந்திருக்கிறது.

"கார் என்னாச்சு?"

"நிக்குது அக்கா. ரெஜோ, கிரீன் ஸ்லிப் எல்லாம் இருக்கு. பானை வாங்க மட்டும் ரெயில்தான்."

அதற்குள் வெஸ்ட்மீட் வந்துகொண்டிருந்தது. நான் அவசர அவசரமாக, "உங்களுக்குத்தான் நான் நன்றி சொல்லவேணும்" என்றேன். "அண்டைக்கு நீங்கள் வேறை மாதிரிச் சொல்லியிருந்தால் நானும் எழுதியிருப்பன்." அவர் தலையை ஆட்டிக்கொண்டே பைகளை எடுத்தார்.

பெண்பிள்ளை பானையை அணைத்துக்கொண்டு எழும்பினாள். என்னையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, வட் ஹப்பென்ட்? என்ன நடந்தது? எப்ப?"

கதவு திறந்தது. பெட்டி நிறைய எங்கள் சனம், எல்லாருடைய கையிலும் கரும்பு. அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"அப்பா காப்புறுதி இல்லாமல் கார் ஓடி ஒரு பெடியனை இடிச்சனான் பிள்ளை," என்றார். "பொங்கலுக்கு முதல்நாள்."